காதால் பார்த்த களரி

போன மாரியில் ஒருநாள் பின்னேரம் கரண்ட் போயிருந்தது. மட்டக்களப்புப் பக்கம் களுவாஞ்சிக்குடியில் மாமி விறாந்தையில் இருந்து பன் புல்லால் பாய் இழைத்துக்கொண்டிருந்தார். என் ஃபோனில் ஒரு பழைய வானொலி நாடகம் கிடந்தது. யாரோ ஒரு காலத்தில் ரேடியோவிலிருந்து கசெட்டில் பிடித்து வைத்ததை வேறு யாரோ வாட்ஸ்அப்பில் ஏற்றி, அது ஊர் சுற்றி என்னிடம் வந்திருந்தது. தலைப்பு இல்லை, எழுதியவர் பெயர் இல்லை. அதற்கு முன் இரண்டு தடவை கேட்கத் தொடங்கி, இரண்டு தடவையும் ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காமல் நிறுத்தியிருந்தேன். சும்மா ஓடட்டும் என்று போட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் ஒருத்தி தேத்தண்ணி ஆற்றுகிறாள். வெளியே படலை கிரீச்சிடுகிறது. செருப்புச் சத்தம் இரண்டு அடி வந்து நின்றுவிடுகிறது. தேத்தண்ணி ஆற்றும் சத்தமும் நிற்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மாமியின் விரல்கள் பன்னின் மேல் அப்படியே நின்றன.

“அவன்தான் திரும்பி வந்திரிக்கான்” என்றார்.

அந்த இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் எனக்கு இரண்டு தடவையும் பட்டது. திரையைப் பார்த்துக்கொண்டு கேட்டவனுக்கு அது வெறும் மூன்று நொடி இடைவெளி. கையில் வேலையும் காதில் நாடகமுமாக வருடக்கணக்கில் பழகியவருக்கு அது ஒரு முழுக் காட்சி.

பழைய வானொலி நாடகங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் பலர் ஏக்கத்தில் தொடங்கி ஏக்கத்திலேயே முடித்துவிடுகிறோம். அந்தக் குரல்கள் போல வருமா, அந்தக் காலம் போல வருமா என்று. ஏக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாடகங்கள் எப்படி வேலை செய்தன, நம் பக்கத்துச் சனம் அவற்றை ஏன் அவ்வளவு இலகுவாகப் பிடித்துக்கொண்டது என்பது அதைவிடச் சுவையான கேள்வி. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் ரேடியோ வருமுன்பே காதால் நாடகம் பார்க்கும் பழக்கம் இருந்தது என்பது என் எண்ணம்.

முதலில் இந்தக் கலை எங்கிருந்து கிளம்பியது என்று பார்த்துவிடலாம். 1924 ஜனவரி 15 அன்று பிபிசி லண்டனிலிருந்து ஒரு சிறு நாடகத்தை ஒலிபரப்பியது. வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகம். எழுதியவர் ரிச்சர்ட் ஹியூஸ், அப்போது இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். கதை நடப்பது வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றுக்குள். தொடங்கியதுமே விளக்குகள் அணைந்துவிடுகின்றன. உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கும் கண் தெரியாது, வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் தெரியாது. வீட்டு விளக்கையும் அணைத்துவிட்டுக் கேளுங்கள் என்று நேயர்களிடம் சொல்லப்பட்டது. கண்ணில்லாத மேடைக்கு எழுத வந்தவர், ஒருவருக்கும் கண் தெரியாத இடமாகப் பார்த்துக் கதையைக் கொண்டுபோய் வைத்துவிட்டார். கெட்டிக்காரத்தனம்.

பிறகு அமெரிக்காவில் இந்தக் கலை பெருவெள்ளமாகப் பாய்ந்தது. 1938 அக்டோபர் 30 அன்று ஓர்சன் வெல்ஸ், செவ்வாய்க் கிரகத்தவர் பூமிக்குள் இறங்குவதாகச் செய்தி அறிவிப்புப் பாணியிலேயே ஒரு நாடகத்தை நடத்தினார். நாடே வீதிக்கு ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் எழுதியது கொஞ்சம் மிகை. ஆனாலும் இசை நிகழ்ச்சியை இடைமறித்து வந்த அந்தப் போலி அறிவிப்பைச் சிலர் நிஜமென்றே நம்பினார்கள். காதுக்கு வருவதை மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறார்கள் என்பதற்கு அது போதும். அதே காலத்தில் பகல்வேளைக் குடும்பத் தொடர்களுக்குச் சவர்க்காரக் கம்பனிகள் காசு கொடுத்தன. ‘சோப் ஒபேரா’ என்ற பெயர் அப்படி வந்தது. இன்றைக்கு நாங்கள் பார்க்கும் ‘சீரியல்’களின் மூதாதை அதுதான்.

இலங்கைக்கு வருவோம். கொழும்பில் முறைப்படியான ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16 அன்று தொடங்கியது. அதற்கு முந்திய பரிசோதனைகளுக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து எடுத்த கருவிகளைத்தான் பாவித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் கொழும்பிலிருந்து நடத்திய நிலையத்தின் வலுவான சாதனங்கள் போர் முடிந்ததும் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1949இல் ‘ரேடியோ சிலோன்’ தனித் திணைக்களமானது. 1950 செப்டம்பர் 30 அன்று வர்த்தக சேவை ஆரம்பித்தது. இந்திய வானொலி ஐம்பதுகளில் சினிமாப் பாட்டை ஓரங்கட்டியபோது இந்தியாவே கொழும்பைக் கேட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1967இல் அது கூட்டுத்தாபனமானது. 1979இல் தொலைக்காட்சி வந்தது, 1982இல் ரூபவாஹினி. ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து எண்பதுகளின் தொடக்கம்வரை, ஏறக்குறைய முப்பது வருடம், அதுதான் இலங்கைத் தமிழ் வானொலி நாடகத்தின் நல்ல காலம்.

அந்தக் காலத்தில் நாடகத் தயாரிப்பென்றால் ‘சானா’ என்ற சண்முகநாதனின் பெயர்தான் முதலில் வரும். இலங்கையர்கோன் எழுதிய ‘விதானையார் வீட்டில்’ தொடரில் விதானையாராக, அதாவது ஊர்த் தலைவராக, குரல் கொடுத்தவர் பின்னாளில் பேராசிரியராகப் புகழ்பெற்ற கார்த்திகேசு சிவத்தம்பி. அவருடைய கட்டுரைகளை மட்டும் படித்தவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பிறகு சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ வந்தது. எழுபதுகளில் ‘கோமாளிகளின் கும்மாளம்’ வந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது நம் களரி, அதாவது கூத்தாடும் வட்டமான இடம். மட்டக்களப்புக் கூத்தை வெளியூரார் ஆட்டமாகத்தான் பார்க்கிறார்கள். விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வார்கள். வட்டக்களரியைச் சுற்றிச் சனம். முன்வரிசைக்காரருக்கு உடுப்பும் முடியும் ஆட்டமும் தெரியும். ஐந்தாம் ஆறாம் வரிசைக்குப் பின்னால், பாய் விரித்துப் பிள்ளைகளை நித்திரையாக்கிக்கொண்டு இருக்கும் பெண்களுக்குத் தெரிவது பந்தத்தின் அல்லது பெற்றோல்மக்ஸின் வெளிச்சமும் அதில் அசையும் உருவங்களும்தான். அவர்களுக்குக் கூத்து மத்தளத்தில் நடந்தது, சல்லரியில் நடந்தது, பிற்பாட்டில் நடந்தது.

கூத்தின் அமைப்பும் அதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. அரசன் வருமுன் கட்டியகாரன் வந்து அரசன் வருவதைச் சொல்லுவான். ஒவ்வொரு பாத்திரமும் ‘வரவு’ ஆடித் தன் பெயரையும் பெருமையையும் தானே பாடித்தான் கதைக்குள் நுழையும். வரவுத் தாளக்கட்டு ஆளுக்கு ஆள் மாறும். வீரனுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, வேடனுக்கு ஒன்று. படுத்திருக்கும் கிழவி கண்ணைத் திறக்காமலே யார் களரிக்குள் வந்துவிட்டார் என்று சொல்லுவாள். மாமி அந்தச் செருப்புச் சத்தத்தில் ஆளைப் பிடித்தது இதே வித்தைதான்.

வானொலி நாடகம் எழுதுபவருக்கு முதல் தலையிடியும் இதுதான்: பேசுவது யார் என்று கேட்பவருக்கு எப்படிச் சொல்வது? மேடையில் ஒருவர் பேசாமல் நிற்கலாம். வானொலியில் பேசாமல் நிற்பவர் அங்கே இல்லை. ஆகவே பழைய வானொலிப் பிரதிகளில் முதல் நாலு வரிக்குள் எல்லோரும் எல்லோரையும் முறை சொல்லியோ பெயர் சொல்லியோ கூப்பிட்டுவிடுவார்கள். “என்ன தங்கச்சி, அண்ணன் இன்னும் வரல்லியா?” என்ற ஒரே வரியில் மூன்று பேரும் அவர்களுக்குள் உள்ள உறவும் வந்துவிடும். தமிழில் உறவுமுறைச் சொல் இப்படிச் செழித்திருப்பது வானொலி எழுத்தாளனுக்குக் கிடைத்த வரம். கட்டியகாரன் செய்த வேலையை ‘அண்ணா’வும் ‘மச்சா’னும் செய்தார்கள்.

இதே காலத்தில், அறுபதுகளில், பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மட்டக்களப்புக் கூத்தை எடுத்து, விடிய விடிய ஆடுவதை இரண்டு மணித்தியாலத்துக்குள் சுருக்கி மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ எல்லாம் அந்த முயற்சியில் வந்தவை. ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கூத்தின் நேரத்தைச் சுருக்கியது, இன்னொரு பக்கம் வானொலி கால் மணி, அரை மணிக்குள் கதை சொல்லப் பழகியது. இரண்டையும் ஒரே தலைமுறை கேட்டது.

மட்டக்களப்பின் காதுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. கல்லடிப் பாலத்தடியில் பாடுமீன். பறுவ (பௌர்ணமி) இரவில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையைக் காதில் வைத்தால் அந்தச் சத்தம் கேட்கும். மீனா, சிப்பியா, என்ன பிராணி என்ற சண்டை இன்னும் தீரவில்லை. அது கிடக்கட்டும். உலகத்தில் எத்தனையோ ஊர்கள் பார்க்கிற காட்சியால் பெயர் பெற்றிருக்கின்றன. நம் ஊர் கேட்கிற ஒன்றால் பெயர் பெற்றது, அதுவும் ஒரு மரக்கட்டையைக் காதில் வைத்து.

சரி, நிலையத்துக்குள் என்ன நடந்தது? பார்ப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். ராஜாவாக முழங்குபவர் அரைக்கைச் சேட்டும் கண்ணாடியுமாக, கையில் தாளோடு நிற்பார். தாள் சரசரத்தால் நாடகம் கெட்டுவிடும். அதனால் பிரதியைப் பின் போடாமல் தனித்தனித் தாளாக வைத்து, படித்து முடித்த தாளை மெல்ல நழுவ விடுவார்கள். அந்தக் காலத்து றிபன் மைக்கில் ஒரு விசேஷம் இருந்தது. அதற்குள் இருக்கும் மெல்லிய உலோக நாடா முன்னும் பின்னும் வரும் ஒலியை நன்றாகப் பிடிக்கும், இரண்டு பக்கவாட்டிலும் கிட்டத்தட்டச் செவிடு. ஆகவே இரண்டு நடிகர்கள் மைக்கின் இரு புறமும் எதிரெதிரே நின்று கண்ணைப் பார்த்தே பேசலாம். ஒருவர் வளவுக்கு அப்பாலிருந்து கூப்பிடுவதாகக் காட்ட வேண்டுமா, பக்கவாட்டில் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும். பத்து முழத் தூரம் ஓர் அடியில் வந்துவிடும். காதலும் இரகசியமும் மைக்கை முட்டுகிற நெருக்கத்தில் பேசப்பட்டன, சண்டை தள்ளி நின்று. பழைய பதிவு ஒன்றைக் கேட்கும்போது இந்தத் தூரத்தைக் கவனித்துப் பாருங்கள். யார் எங்கே நிற்கிறார், யார் கிட்ட வருகிறார் என்று ஒரு வீட்டின் அமைப்பே தலைக்குள் எழும்பும்.

சத்தங்களுக்கு உலகமெங்கும் ஏறக்குறைய ஒரே சமையலறைச் சாமான்கள்தான். குதிரைக்கு இரண்டு சிரட்டை. இடிக்குப் பெரிய தகரத் தகடு. நெருப்புக்குச் சரசரக்கும் மெல்லிய தாள். போன விடுமுறையில் அக்காவின் பிள்ளைகளோடு நானும் செய்து பார்த்தேன். முதலில் உண்மையான மழையைப் பதிந்தோம். கேட்டால் ஏதோ பொரிக்கிற மாதிரி இருந்தது. பிறகு சின்னவள் சுளகில் ஒரு பிடி நெல்லைப் போட்டு மெல்லச் சரித்தாள். ஃபோனை ஒரு முழம் தள்ளி வைத்துப் பிடித்தோம். தகரக் கூரைக்கு மேல் மழை வருகிற சத்தம், அதுவும் தூரத்திலிருந்து நெருங்கி வருகிற மழை. உண்மையான மழை பொய்யாகவும் சுளகு நெல்லு மெய்யாகவும் கேட்டது ஏன் என்று பெரியவன் கேட்டான். மழை என்றால் எங்கள் நினைவில் இருப்பது கூரையில் ஒவ்வொரு துளியாக விழும் சத்தம். மைக் கேட்பதோ எல்லாத் துளியையும் கலந்த இரைச்சல். சுளகில் நெல் மணி மணியாக உருண்டது. நினைவில் இருப்பதை அது கொடுத்தது.

மௌனத்துக்கும் கணக்கு உண்டு. மூன்று நொடி மௌனம் நெஞ்சைப் பிடிக்கும். பத்து நொடி மௌனம் வந்தால் கேட்பவர் எழும்பிப் போய்ப் பெட்டியைத் தட்டிப் பார்ப்பார், பற்றரி போய்விட்டதென்று. அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் முழு மௌனத்தை விடுவதில்லை. பின்னணியில் ஒரு சுவர்க்கடிகாரமோ சில்வண்டோ இருந்துகொண்டே இருக்கும். பேச்சு நிற்கும்போதுதான் அது கேட்கும்.

ஒலிச்சித்திரத்தையும் வானொலி நாடகத்தையும் பலர் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். சினிமாப் படத்தின் ஒலியை மட்டும் எடுத்துச் சுருக்கி ஒலிபரப்பியது ஒலிச்சித்திரம். அதைக் கேட்டால் இடையிடையே நீண்ட இசை ஓடும், ‘டிஷ்யூம் டிஷ்யூம்’ கேட்கும், யாரோ விம்முவார். படம் பார்க்காதவருக்கு ஒன்றும் விளங்காது, ஏனென்றால் அந்த இடங்களில் கதை கண்ணுக்குச் சொல்லப்பட்டது. வானொலி நாடகத்தில் அந்தப் பள்ளம் இருக்கக் கூடாது. இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டவருக்கு நல்ல வானொலி எழுத்தும் சோம்பல் எழுத்தும் உடனே பிரிந்து தெரியும். “ஐயோ, உன் கையில் கத்தியா!” என்று பாத்திரம் கத்தினால் அது சோம்பல் எழுத்து. மேசை லாச்சி திறக்கும் சத்தம் கேட்டு, எதிரில் இருப்பவர் பாதி வசனத்தில் குரலை மாற்றினால், எழுதியவருக்குத் தொழில் தெரியும்.

இனிக் ‘கோமாளிகள்’. எஸ். ராமதாஸ் எழுதிய அந்தத் தொடரில் நாலு பேர் முக்கியம். மரிக்காராக ராமதாஸ், உபாலியாக செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால், ஐயராக அப்துல் ஹமீத். பெயர்களை இன்னொரு தடவை படியுங்கள். ஐயராகப் பேசியவர் அப்துல் ஹமீத், முஸ்லிமாகப் பேசியவர் ராமதாஸ். முகம் தெரியாத ஊடகம் தந்த விளையாட்டு இது. 1976இல் அது திரைப்படமாகி முகங்கள் தெரிந்த பிறகும் ‘மரிக்கார் ராமதாஸ்’, ‘உபாலி செல்வசேகரன்’, ‘அப்புக்குட்டி ராஜகோபால்’ என்ற பெயர்கள் அவர்களை விட்டுப் போகவில்லை.

தொழில் நோக்கில் பார்த்தால், ஒரு காட்சியில் நாலு ஆண் குரல் இருந்தால் காது குழம்பும். அவர்கள் நாலு விதத் தமிழ் பேசியதால் குழம்பவில்லை. முஸ்லிம் தமிழ், சிங்கள வாடைத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், ஐயர் தமிழ். கூத்தில் உடுப்பும் தாளக்கட்டும் செய்ததை வட்டார வழக்கு செய்தது. ஒரு சொல் வாயிலிருந்து விழுந்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒருவரின் பேச்சுமுறையையே பகிடியாக்குவது வானொலிக்கு மிகச் சுலபமான வழி. அந்தக் காலத்து நகைச்சுவை சில இடங்களில் இன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த நாலு தமிழில் நம் தமிழ் இல்லை. இது எனக்கு நீண்ட நாள் மனக்குறை. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவெலபில், பேச்சுத் தமிழ்களுக்குள் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்புத் தமிழ் என்று எழுதினார். அதைச் சொல்லி நாங்கள் பெருமைப்படுவோம். ரேடியோவைத் திருகினால் வீட்டுத் தமிழாகக் கேட்டது பெரும்பாலும் யாழ்ப்பாணம்தான். ‘பிறகு’ என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘மறுகா’வை ஒரு கதாநாயகி சொல்லி நான் கேட்டதில்லை. ‘என்னகா’, ‘இஞ்ச வாமனே’ என்று ஒரு தாய் கூப்பிட்டுக் கேட்டதில்லை. எழுத்தாளர்களும் தயாரிப்பாளர்களும் இருந்த இடம் கொழும்பு, அவர்களில் பெரும்பாலானோர் வந்த இடம் வடக்கு. அதனால் அப்படி அமைந்துபோனது, யாரும் சதி செய்யவில்லை. கிழக்கு இளைஞர்களுக்கு ‘இசையும் கதையும்’ போன்ற நிகழ்ச்சிகள் ஒரு வாசலைத் திறந்தன. சினிமாப் பாட்டுகளுக்கு இடையில் கோர்த்து ஒரு கதை எழுதித் தபாலில் போட்டால், ஒருநாள் தன் பெயர் ரேடியோவில் வரும். ஆனால் அங்கும் செந்தமிழ் உரைநடைதான். பேச்சு வரவில்லை.

கேட்டவர்களோ தங்கள் தமிழ் இல்லையே என்று கேட்காமல் விடவில்லை. மருதமுனையில் வயதான நெசவாளி ஒருவர், ஊரார் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுபவர், சொன்னது இது: தறியில் இருந்தபடி நாடகம் கேட்பாராம். தறி அடிக்கிற சத்தத்தில் வசனம் பாதி போய்விடும். கொஞ்ச நாளில் அவர் கை தானாகவே பழகிவிட்டது. வசனம் வரும்போது மெதுவாக, இசை வரும்போது வேகமாக. “நாடகம் நல்லா இருந்தா அண்டைக்கு நெசவு குறையும்” என்று சிரித்தார். வானொலியின் முஸ்லிம் சேவை நாடகம் என்றால் வீட்டுப் பெண்களும் சாமான் கழுவுவதை நிறுத்திவிடுவார்களாம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம், வயல் காவலுக்குப் போனவர்களின் கதை வேறு. பரணில் இரவு முழுக்கக் கண் விழிக்க வேண்டும். யானையும் பன்றியும் வரும். துணைக்குச் சின்ன ட்ரான்சிஸ்டர் ஒன்று. பற்றரி இளைத்தால் பகலில் வெயிலில் காயப் போட்டு இரவில் இன்னொரு நாடகத்துக்கு உயிர் வாங்குவார்கள். போர்க் காலத்தில் பற்றரியே கிடைக்காமல் போனபோது சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட வீடுகளும் உண்டு. ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் கேட்பார்கள். சுற்றுபவர் கதையில் மூழ்கினால் கை தளரும், குரல் தேயும்.

கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் வீதியால் 300 கிலோமீற்றருக்கு மேல், இடையில் மலைநாடு. பகலில் மத்திய அலை தரையோடு ஊர்ந்து வரும்போதே மெலிந்துவிடும். மேலே அயன மண்டலத்தின் கீழடுக்கு ஒன்று பகலில் அந்த அலையை உறிஞ்சிவிடுகிறது. பொழுது பட்டதும் அந்த அடுக்கு கரைந்துபோகும். அப்போது அலை மேலே போய் முட்டித் திரும்பித் தூரத்தில் விழும். அதனால்தான் இரவில் ரேடியோ தெளிந்தது, கூடவே திருச்சியும் சென்னையும் வந்தன. சிற்றலையில் வேறு சங்கதி. அலைகள் வெவ்வேறு வழியில் வந்து ஒன்றையொன்று கூட்டியும் குறைத்தும் விடும். குரல் கடலலை போல ஏறி இறங்கும். கதாநாயகன் முக்கியமான விஷயத்தைச் சொல்லும்போது குரல் அமிழ்ந்துபோய், மறுபடி மேலே வரும்போது கதாநாயகி அழுதுகொண்டிருப்பாள். நடுவில் என்ன சொன்னான் என்று அடுத்த நாள் கிணற்றடியில் விவாதம் நடக்கும். பதில் கட்டாயம் கிடைக்கும், சிலவேளை எழுத்தாளர் எழுதியதைவிட நல்ல பதில்.

இப்போது கேட்க விரும்புபவருக்கு வழி இல்லாமல் இல்லை. யூடியூபில் தனியார் ஏற்றிய பழைய பதிவுகள் இருக்கின்றன. நூலகம் நிறுவனத்தின் எண்ணிமத் தளத்தில் நாடகப் பிரதிகள் அச்சு வடிவில் கிடைக்கும். ஆங்கிலத்தில் கேட்கக் கூடியவர்களுக்கு இணைய ஆவணகங்களில் ஆயிரக்கணக்கில் உண்டு. தமிழில் குறைவு. தொடக்க கால நாடகங்கள் பல நேரடியாக நடிக்கப்பட்டுக் காற்றோடு போயின. பதிவானவற்றிலும், ஒலிநாடா விலை கூடிய சாமான் என்பதால் அதன் மேலேயே வேறொன்றைப் பதிவது உலகெங்கும் வழக்கம். மிச்சம் இருப்பதில் ஒரு பகுதி, ஊர்களில் யாரோ பெட்டிக்கு முன்னால் கசெட் ரெக்கோர்டரை வைத்துப் பிடித்தவை. அவற்றில் நாடகத்தோடு அந்த வீட்டுச் சேவலும் கேட்கும். இரைச்சலை நீக்கித் தருகிறேன் என்று சொல்லும் செயலிகளை நான் பாவிப்பதில்லை. இரைச்சலோடு மூச்சும் காலடியும் தூரமும் போய்விடுகின்றன, மிஞ்சுவது அறிவித்தல் வாசிப்பது போல ஒரு குரல்.

இன்னொன்று, தொடர்களை ஒரே மூச்சில் பத்துப் பாகம் கேட்கப் போனால் சலித்துவிடும். அவை அதற்காக எழுதப்படவில்லை. கால் மணி நேரத்தில் விளம்பரம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். அதற்குள் போன வாரக் கதையை நினைவுபடுத்த வேண்டும், ஒரு சிக்கலைப் போட வேண்டும், ஒரு கேள்வியோடு வெட்ட வேண்டும். தொடர்ந்து கேட்பவருக்கு அந்த நினைவூட்டல் அலுப்பு. ஒரு வாரம் வயலில் நின்றுவிட்டு வந்தவருக்கு அது கைவிளக்கு. வாரத்துக்கு ஒன்று வேண்டாம், நாளுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். திரையைக் கவிழ்த்து வையுங்கள். கையில் ஏதாவது வேலை இருக்கட்டும், வெங்காயம் உரிப்பதானாலும் சரி. முடிந்தால் இன்னொருவரோடு கேளுங்கள். வயலின் அலறும் இடங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். அந்தக் காலத்துத் தயாரிப்பாளர்களுக்குச் சோகத்துக்கு வேறு வாத்தியம் கிடைக்கவில்லை போலும். புத்திமதி கூடிய நாடகங்களை நான் பாதியில் விட்டிருக்கிறேன். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மாமியோடு அன்றைக்கு அந்த நாடகத்தை முழுக்கக் கேட்டேன். வந்தவன் அவளுடைய அண்ணன். பதினொரு வருடத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவன். அவள் அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள், கோப்பைக்குள் விழும் சத்தத்தை வைத்தே கை நடுங்குவது தெரிகிறது. அவன் ஒரு கடதாசியை எடுத்து மேசையில் வைக்கிறான். அவள் அதை விரிக்கிறாள். வாசிக்கத் தொடங்க வாயெடுக்கும்போது இசை எழுந்து, அறிவிப்பாளர் குரல் வந்து, ‘டக்’ என்று கசெட் நின்றது. யாரோ நிறுத்து பொத்தானை அமுக்கிய சத்தம்.

எனக்கு வந்தது அந்த ஒரு பாகம்தான். அனுப்பியவரிடம் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் வேறொருவர் அனுப்பியதாம். கரண்ட் இன்னும் வரவில்லை. மாமி ஒரு பன்னை எடுத்து நுனியைப் பல்லில் கடித்துப் பதம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“மறுகா?”